மரத்துப் பாலுக்கு நேரம் உண்டு; தாய்ப் பாலுக்கு இல்லையா?

பால் வெட்டுத் தொழிலில் நேரம் என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்பதை நம் தோழர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். வெட்டி முடித்துச் சற்று நேரம் காத்திருந்து, மங்கு நிறைந்ததும் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் மங்கிலேயே உறைந்து கட்டியாகிவிடும். மழை இருட்டினால் ஓட்டமாய் ஓடி எடுக்க வேண்டும். மரம் தரும் பாலுக்கு ஒரு நேரம் உண்டு. அதை நிர்வாகமும் அறியும், தண்டலும் அறிவார், கிராணியும் அறிவார்.

தாய் தரும் பாலுக்கும் ஒரு நேரம் உண்டு. அது மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத முற்பட்டோம்.

"சங்கப் பத்திரிகையில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் விஷயமா? இது மிஸிமார்கள் பேச வேண்டிய பேச்சல்லவா?" என்று சில தோழர்கள் நகைக்கக் கூடும். முழுவதும் படித்துவிட்டு நகைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நமது பேரா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் சென்ற ஆண்டு நடந்த சங்கதி இது. தோட்டத்தின் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் இங்கே வேண்டாம். பால் வெட்டும் தொழிலாளி. வயது முப்பதைத் தாண்டியவர். இரண்டாவது பிள்ளைக்காக உண்டாகியிருந்தார். சர்க்கார் கிளினிக்கில் 'ஆயர் கூலா' குடிக்க வைத்து இரத்தம் எடுத்துப் பார்த்ததில், கர்ப்பகால இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டைக் குறைத்தார், விரல் நுனியைக் குத்திக் குத்திக் கணக்கு எழுதினார், டாக்டர் சொன்னபடி நடந்தார். பிள்ளை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. "பால் கொடு அம்மா, உனக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது" என்று மிஸி சொல்லியனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வேறு பேச்சு ஆரம்பமாயிற்று. "உன் உடம்பிலே இனிப்பு நீர் இருக்கு. உன் பாலும் இனிப்பாத்தான் இருக்கும். பச்சைப் பிள்ளைக்கு அதைக் கொடுத்து அதுக்கும் வியாதியை வரவழைக்கப் போறியா?" என்று மாமியார் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. பேரப் பிள்ளைமேல் உள்ள அன்பில் கேட்டது. ஆயினும் அந்தப் பெண் மிஸியின் சொல்லையே பிடித்துக்கொண்டு விடாமல் பால் கொடுத்தார்.

அவருடைய பிரசவ விடுப்பு 98 நாள். வயிறு இறங்கி நடக்க முடியாமற் போனதால் பேற்றுக்கு முன்னரே 14 நாள் கழிந்துவிட்டது. மிச்சம் 84 நாள், அதாவது 12 வாரம். மூன்று மாதம்கூட நிறையாத பிள்ளையை மாமியாரிடம் விட்டு நிரைக்குத் திரும்பினார். வெட்டு முடிந்து பால் எடுக்கும் வரை உள்ள இடைவேளையில், இரண்டு மைல் நடந்து லயத்துக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவார். சில நாள் திரும்பி வரத் தாமதமாயிற்று. பால் கட்டியாயிற்று. தண்டல் அரை நாள் என்றார். அரை நாள் என்று செக்ரோலில் எழுதிய கை நமது கை.

ஆம், தோழர்களே! இக்கட்டுரையை எழுதும் இதே கைதான். மூன்றாம் முறை அரை நாள் விழுந்தபோது அந்தப் பெண் ஆபீஸ் ஜன்னலண்டை வந்து, "கிராணி ஐயா, நான் என் பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தானே போனேன்?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. சொல்லுவதற்கு ஒரு விதியும் நம்மிடம் இருக்கவில்லை. அடுத்த வாரம் முதல் அவர் வீட்டுக்கு நடப்பதை நிறுத்திவிட்டார். கடையிலிருந்து பால் டின் வந்தது. ஒரு மாதத்தில் அவருக்குப் பால் வற்றிப் போயிற்று.

அவர் இழந்தது எவ்வளவு என்று அன்று நமக்குத் தெரியாது. பின்னர் படித்தும், டாக்டர்களையும் மிஸிமார்களையும் கேட்டும் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை மறைத்து வைப்பது தொழிற்சங்கக்காரனுக்கு அழகல்ல.

இனிப்பு நீரும் தாய்ப்பாலும்

கர்ப்ப காலத்தில் நஞ்சுக் கொடியிலிருந்து சுரக்கும் சில சத்துக்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்டத் தாயின் உடல் கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டும். முடியாதவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதுவே கர்ப்பகால இனிப்பு நீர். நம் நாட்டில் 75 கிராம் சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்க வைத்துப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 5.1 அல்லது அதற்கு மேலோ, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8 அல்லது அதற்கு மேலோ இருந்தால் இனிப்பு நீர் என்று எழுதுகிறார்கள். பிள்ளை பிறந்து நஞ்சுக் கொடி விழுந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது.

இனி, மாமியார் கேட்ட கேள்விக்கு வருவோம். பாலில் உள்ள இனிப்பு பால்சர்க்கரை எனப்படும் வேறு வகை. அதைத் தாயின் மார்பே தயாரிக்கிறது. அதன் அளவு எல்லாத் தாய்மாரிடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். தாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறியதற்காகப் பால் பாகாக மாறிவிடுவதில்லை. தாயின் பால் வழியாகப் பிள்ளைக்கு இனிப்பு நீர் ஒட்டிக்கொள்வதும் இல்லை. பேற்றுக்குப் பின்னும் இன்சுலின் ஊசியோ மெட்ஃபார்மின் மாத்திரையோ தேவைப்படுகிறவர்கள்கூடத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் பால் கொடுக்கு முன் ஏதாவது சிறிது சாப்பிட்டுக்கொள்வது நல்லது. பால் கொடுக்கையில் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும்.

உண்மையில் இத்தகைய பிள்ளைக்குத் தாய்ப்பால் மற்றப் பிள்ளைகளைவிட அவசரமாக வேண்டியிருக்கிறது. காரணம் இதுதான். வயிற்றில் இருக்கும்போது தாயின் கூடுதல் சர்க்கரை பிள்ளைக்கும் போகிறது. அதைச் சமாளிக்கப் பிள்ளையின் உடல் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பழகுகிறது. தொப்புள் கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. இன்சுலின் மட்டும் நிற்பதில்லை. ஆகவே பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளையின் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். 2.6க்குக் கீழே போனால் டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள். இறக்கம் கடுமையாகி நீடித்தால் வலிப்பு வரலாம், மூளைக்கும் கேடு.

இதற்கு முதல் மருந்து சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் உடலோடு உடல் படக் கிடத்தி, மஞ்சளாய்க் கெட்டியாய் வரும் அந்தப் பாலை ஊட்ட வேண்டும். பிறகு இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், இரவானாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலும் போதும். பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் உதவி தேவைப்படும். கன்னத்தின் உட்புறம் தடவும் சர்க்கரைக் குழம்பு ஒன்றை நியூசிலாந்து நாட்டின் ஹாமில்டன் நகர டாக்டர்கள் சோதித்து, அது பயன் தருவதை 2013 இல் வெளியிட்டார்கள். சில பிள்ளைகளுக்கு டின் பாலோ நரம்பு வழிச் சர்க்கரை நீரோ கொடுக்க நேரலாம். டாக்டர் சொன்னால் அதை ஏற்க வேண்டும். அது சில மணி நேரத்து மருந்து. "இனித் தாய்ப்பால் வேண்டாம்" என்று அதற்குப் பொருளல்ல.

ஆனால் நம்மவர் செய்வது என்ன? 'சேனை வைப்பது' என்று சொல்லிப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ பிள்ளையின் நாக்கில் வைக்கிறார். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி வெளியே ஊற்றுகிறார்கள். சர்க்கரை குறையக்கூடிய பிள்ளைக்கு வீட்டில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் வைத்தியம் ஆகாது. சில பிள்ளைகளுக்கு டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு. நாம் விரலில் தொட்டு வைப்பது வேறு. தேனோ ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு ஆபத்தானது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிள்ளையின் நரம்பையே முடக்கும். ஆசீர்வாதம் செய்ய ஆசைப்படும் பெரியவர்கள் பிள்ளையின் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கட்டும். நாக்கைச் சீம்பாலுக்கு விட்டுவிடட்டும்.

"பால் இல்லை" என்னும் பேச்சு

இனிப்பு நீர் கண்ட தாய்மாருக்குப் பால் இறங்கச் சற்றுத் தாமதமாவது உண்டு. மற்றவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் மார்பு கனத்துப் பால் பெருகும். இவர்களில் சிலருக்கு நான்காம் ஐந்தாம் நாள் ஆகலாம். பால் சுரப்பதிலும் இன்சுலினுக்குப் பங்கு உண்டு என்பது ஒரு காரணம். வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்களுக்கும், உடல் கனத்தவர்களுக்கும் தாமதம் இன்னும் கூடலாம். இந்த இரண்டு நாள் தாமதத்தில்தான் வீட்டில் எல்லாரும் கூடி "இவளுக்குப் பால் இல்லை" என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். டின் வருகிறது. பிள்ளை மார்பைச் சப்புவது குறைகிறது. குறையவே பால் மெய்யாகவே குறைந்துவிடுகிறது. தீர்ப்புப் பலித்துவிட்டதாக எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.

பால் வெட்டும் தோழர்களுக்கு ஒன்று தெரியும். மரத்தை ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். தாயின் மார்பு இதற்கு நேர்மாறானது. எடுக்க எடுக்கச் சுரக்கும். எடுக்காமல் விட்டால் வற்றும். ஆகையால் தாமதமானால் செய்ய வேண்டியது, பிள்ளையை இன்னும் அதிகத் தடவை மார்பில் போடுவதே. நாள் ஒன்றுக்கு எட்டுத் தடவைக்குக் குறையக் கூடாது. பிள்ளை சரியாகச் சப்பாவிட்டால் கையால் பீய்ச்சிக் கரண்டியில் ஊட்ட வேண்டும். பிள்ளை போதிய அளவு சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று கிளினிக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் சுறாவும் முருங்கைக் கீரையும் பூண்டும் சமைத்துக் கொடுங்கள், நல்லதே. ஆனால் கருப்பட்டி போட்டுக் கிண்டிய பிரசவ மருந்தை உருண்டை உருண்டையாகக் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்குப் பயந்த தாய்க்கு அது ஆகாது.

இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இனிப்பு நீர் உள்ள 635 கர்ப்பிணிகளை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2017 இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பாதியினர் 36 வாரம் ஆனதிலிருந்து நாளுக்கு இரண்டு தரம் கையால் சீம்பால் பீய்ச்சிச் சேர்த்து வைத்தார்கள். வேறு சிக்கல் இல்லாத தாய்மாருக்கு இதனால் கேடில்லை என்று கண்டார்கள். பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்க அந்தப் பால் தயாராக இருக்கும். யாரும் தாமாகத் தொடங்க வேண்டாம். ஏழாம் எட்டாம் மாதத்தில் கிளினிக்குக்குப் போகும்போது, "நான் இப்படிச் செய்யலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தாய்க்குக் கிடைப்பது என்ன?

இதுகாறும் பிள்ளைக்கு என்ன நன்மை என்று பார்த்தோம். தொழிற்சங்கம் கவலைப்பட வேண்டிய பெரிய சங்கதி இனிமேல்தான் வருகிறது.

கர்ப்பத்தில் இனிப்பு நீர் கண்டு, பேற்றுக்குப் பின் அது மறைந்துபோன பெண்ணுக்கு, பிற்காலத்தில் நிலையான இனிப்பு நீர் வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். அந்த வியாதி நம்மிடையே என்ன செய்கிறது என்பதை நாம் கண்ணாலேயே காண்கிறோம். காலை எடுத்தவர்கள், கண் மங்கியவர்கள், வாரம் மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க வேன் ஏறிப் போகிறவர்கள் இல்லாத லயம் எங்கே இருக்கிறது? 2019 இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது; அதிலும் இந்தியரிடையேதான் மிக அதிகம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கர்ப்பத்தில் இனிப்பு நீர் கண்ட 959 தாய்மாரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து 2015 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முழுக்கத் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு நீரிழிவு வந்தது, முழுக்க டின் பால் கொடுத்தவர்களுக்கு வந்ததில் ஏறத்தாழ பாதியே. பால் சுரக்கத் தாயின் உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் செலவழிக்கிறது. இன்சுலின் சுரக்கும் உறுப்பின் சுமை இறங்குகிறது. தாய்ப்பால் ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்று சொல்ல வரவில்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு, நடை, ஆண்டுதோறும் பரிசோதனை எல்லாம் வேண்டும். ஆயினும் காசில்லாமல், கடையில் வாங்காமல், தொழிலாளிப் பெண்ணின் கையிலேயே இருக்கும் மருந்து இது.

இப்போது அந்த அரை நாள் கணக்கை மறுபடி எண்ணிப் பாருங்கள். மூன்று அரை நாள் சம்பளம் மட்டுமா போயிற்று? பிற்காலத்தில் அந்தப் பெண்ணின் காலையும் கண்ணையும் காக்கக்கூடிய ஒரு காவலையும் அல்லவா நாம் புத்தகத்தில் அடித்துவிட்டோம்!

டின் பால் வந்த கதை

இந்த அநியாயம் இன்று முளைத்ததன்று. 1877 இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்ட மண் நமது பேரா. அதன்பின் எழுந்த தோட்டங்களில் நம் பாட்டிமார்கள் இருட்டிலேயே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுப் பிரட்டுக்குப் போனார்கள். தாய் வரும் வரை அழும் பிள்ளையை அடக்க இனிப்பு டின் பால்தான் எளிதாய்க் கிடைத்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், இனிப்பூட்டிய டின் பாலைப் பச்சைப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்வதால் பிள்ளைகள் நலிந்து சாவதை நேரில் கண்டார். 1939 இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசுகையில், இத்தகைய பிரசாரத்தைக் கொலைக்குச் சமமாகவே கருத வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வியாபாரப் பிரமுகர்களும் இருந்தார்கள் என்பதை எண்ணினால் அந்த அம்மையாரின் நெஞ்சுரம் புரியும்.

அவர் சொன்னதை உலகம் ஏற்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1981 இல்தான் உலக சுகாதார மகாசபை பால் டின் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் நெறியை நிறைவேற்றியது. நம் நாடு அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1979 இல், தன் சொந்த நெறியை வகுத்துக்கொண்டது பெருமைக்குரியது. 1993 இல் தேசியத் தாய்ப்பால் கொள்கை வந்தது. 2005 இல் அதைத் திருத்தி, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயது வரை தாய்ப்பால் என்றார்கள். 2006 இல் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடித்தவை 100க்கு 15 கூட இல்லை. 2016 இல் அது 47 ஆக உயர்ந்தது. ஆஸ்பத்திரிகளும் மிஸிமார்களும் தம் கடமையைச் செய்திருக்கிறார்கள். இனிக் கடமை வேலைத்தலத்தினுடையது.

கிராணியின் கணக்கு

கிராணிக்குத் தெரிந்தது கணக்கு. அதையே போட்டுப் பார்ப்போம். சர்க்கார் கொள்கை ஆறு மாதம், அதாவது 26 வாரம். சர்க்கார் சட்டம் 98 நாள், அதாவது 14 வாரம். நெடுங்காலம் 60 நாளாக இருந்ததை 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 ஆக்கியது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆயினும் 26 இல் 14 போனால் மிச்சம் 12 வாரம். இந்த 12 வாரம் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது? கொள்கை எழுதியவர் ஒரு மேஜையில். சட்டம் எழுதியவர் வேறொரு மேஜையில். இரண்டு மேஜைக்கும் நடுவே நம் தொழிலாளத் தாய் நிற்கிறாள்.

உலகத் தொழிலாளர் இயக்கம் இதற்கு விடை கண்டு நூறாண்டுக்கு மேலாயிற்று. 1919 இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் முதல் மகாநாடே, பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இரண்டு முறை அரை அரை மணி நேரம் என்று உடன்படிக்கை எழுதியது. 1958 இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதிய உடன்படிக்கையிலும் பால் கொடுக்க வேலையை இடையில் நிறுத்தும் உரிமை இடம் பெற்றது. 2000 ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்த நேரத்தை வேலை நேரமாகவே எண்ணிச் சம்பளம் தர வேண்டும் என்றது. இந்தியாவில் 1961 இல் வந்த மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு இடைவேளை என்று விதித்தது. இலங்கைச் சட்டத்திலும், ஒரு வயது நிரம்பாத பிள்ளையுள்ள தாய்க்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் கொட்டகை இருந்தால் அரை மணி, இல்லாவிடில் ஒரு மணி. அங்கே தேயிலை கிள்ளும் நம் சகோதரிக்கு எழுத்தில் உள்ள உரிமை, இங்கே பால் வெட்டும் சகோதரிக்கு எழுத்திலும் இல்லை. நம் தொழில் சட்டத்தில் பால் கொடுக்கும் நேரம் என்று ஒரு பிரிவு கிடையாது.

சட்டத்தில் இல்லாததைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதற்காகவே சங்கம் இருக்கிறது. அடுத்த பேச்சு வார்த்தையில் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை என்று கருதுகிறோம்.

முதலாவது, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை நாளுக்கு இரண்டு அரை மணி நேரம், சம்பளத்தோடு. பால் வெட்டில் வெட்டுக்கும் எடுப்புக்கும் நடுவே இயல்பாகவே ஓர் இடைவேளை இருக்கிறது. தாய்க்கு லயத்துக்கு அருகான நிரையைக் கொடுத்து, எடுப்பில் சற்றுத் தாமதமானால் பக்கத்து நிரைக்காரர் கைகொடுக்க ஏற்பாடு செய்தால், நிர்வாகத்துக்கு ஒரு மங்குப் பாலும் நஷ்டமாகாது.

இரண்டாவது, ஆயாக் கொட்டகையிலோ ஆபீஸிலோ ஒரு சுத்தமான மறைவிடமும், ஒரு குளிர்ப்பெட்டியும். பீய்ச்சிய பால் குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் தாங்கும்.

மூன்றாவது, கர்ப்பத்தில் இனிப்பு நீர் கண்ட பெண்ணுக்குப் பேறு கழிந்து ஆறாம் வாரத்திலும், பின் ஆண்டுக்கு ஒரு முறையும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆறாம் வாரத்தில் அவள் விடுப்பில் இருப்பாள். ஆண்டுதோறும் வரும் அந்த நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். நாள் சம்பளம் போகும் என்று அஞ்சியே பலர் அந்தப் பரிசோதனைக்குப் போவதில்லை.

தோட்டம் செம்பனையானதும் தாமானானதும் நம் பெண்கள் பலர் சிலிபினுக்கும் மெங்லெம்புவுக்கும் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். இக்கோரிக்கை அவர்களுக்கும் பொருந்தும். நிரையில் வற்றும் பால்தான் மெஷின் முன்னிலையிலும் வற்றுகிறது.

ஒப்பந்தம் வரும் வரை கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. 2023 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, வேலை நேரத்தை மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்தில் கேட்கலாம். நிர்வாகம் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். பால் குடிக்கும் பிள்ளைக்கு 60 நாள் என்பது நெடுங்காலம். ஆகவே விடுப்பில் போகுமுன்னரே மனுவை எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கிளைக் காரியதரிசியிடம் வாருங்கள், கிராணிமார்களிடமும் வாருங்கள். இரண்டு வரி எழுதித் தருவதால் எந்தக் கிராணியின் பேனாவும் தேய்ந்துவிடாது.

நிற்க. எல்லாவற்றையும் நிர்வாகத்தின் தலையிலேயே போடுவது நியாயமாகாது. கணவன்மார்களுக்கும் சொல்வோம். ஓராண்டு வேலை பார்த்த, மணமான தொழிலாளிக்குச் சட்டம் 7 நாள் விடுப்புத் தருகிறது. மேலே சொன்ன தாமதம் நேருவதும், "பால் இல்லை" என்னும் பேச்சு எழுவதும் அந்த ஏழு நாளில்தான். அந்த நாட்களைச் சொந்தக்காரர்களுக்குத் தண்ணீர் விருந்து வைப்பதில் கழிக்காமல், பிள்ளையைத் துடைத்து மனைவியிடம் கொடுப்பதிலும், அவள் உறங்கக் காவல் இருப்பதிலும் கழியுங்கள். மாமியார்மாருக்கும் அன்னைமாருக்கும் சொல்வோம். உங்கள் கைப்பக்குவமும் அன்பும் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வளரவில்லை. அந்த அன்பு டின்னைத் தேடாமல் தாய்க்குத் தைரியம் சொல்லட்டும்.

எவ்வளவு முயன்றும் பால் வராத தாய்மாரும், டாக்டர் சொல்லி நிறுத்திய தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களை ஒருவரும் குறை சொல்லக் கூடாது. நாம் கேட்பது கட்டாயமன்று. கொடுக்க நினைக்கும் தாய்க்குக் கொடுக்க நேரம் வேண்டும் என்பதே.

"வெட்டில் இருப்பதே சில பெண்கள்தான், அதிலும் பிள்ளைத்தாய்ச்சி எத்தனை பேர்? இதற்காக ஒப்பந்தத்தில் ஒரு பிரிவா?" என்று துரைமார் கேட்கலாம். சிலரே என்றால் செலவும் சிறிதே அல்லவா? மழை பெய்தால் முழு நாள் வெட்டு நிற்கிறது. தோட்டம் முழுகிப் போய்விடவில்லை. ஒரு தாய்க்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் முழுகிவிடுமா?

அந்தப் பெண் இன்றும் வெட்டுக்கு வருகிறார். அவர் ஜன்னலண்டை கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தில் முழு நாள் என்று எழுதியிருப்போம். அந்த வரியை அடுத்த ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோமா? கிளைக் கூட்டங்களில் தோழர்கள் இதை எழுப்புவார்களாக. ஆண் தோழர்கள் முதலில் எழுப்புவார்களாக!